பக்கத்துத் தோட்டக்காரி

குமரா,

பிள்ளையார் சுழி போட்டாயிற்று. அதன் கீழே நடராஜர் துணை என்றும் எழுதிவிட்டேன். இனி நான் எழுதுவதில் கோணல் ஏதும் இருந்தால் அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்ளட்டும். கூடத்தில் உன் அப்பா, வாழைமரத்தை எந்தப் பக்கம் கட்டுவது என்று பந்தல்காரரோடு வழக்காடிக்கொண்டிருக்கிறார். சுகந்தி இரண்டு கையிலும் மருதாணி வைத்துக்கொண்டு, போனைத் தொட முடியவில்லையே என்று மாடியில் புலம்பிக்கொண்டிருக்கிறாள். நீ சென்னையில் பஸ் ஏறிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாய். நீ கடலூர் வந்து இறங்குவதற்குள் நான் இதை எழுதி முடித்தாக வேண்டும். நேரில் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

வெள்ளிக்கிழமை காலை உனக்கு முகூர்த்தம். அன்று சாயங்காலமே உன்னையும் நித்யாவையும் மறுவீட்டுக்குச் சிதம்பரம் அழைத்துக்கொண்டு போக, உன் மாமியாராகப் போகிற டீச்சரம்மா வேன் சொல்லி வைத்திருக்கிறார். எல்லாரும் சரி என்றாகிவிட்டது. நான் மட்டும்தான் இன்னும் வாய் திறக்கவில்லை. நேற்று போனில் நீ, "ஏம்மா, அதுல உனக்கு என்னா கஷ்டம்?" என்று கேட்டாய். "ஒன்னுமில்லடா" என்றேன். நம் வீட்டில் அந்த ஒன்றுமில்லைக்கு என்ன பொருள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. எனக்கு உன் மாமியார்மேல் பொறாமை. நித்யாமேல் இல்லை. மருமகள் என்று ஒருத்தி வந்தால் மகன் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வான் என்று எல்லா அம்மாக்களும் மனசைத் தயார் செய்துதான் வைத்திருக்கிறோம். ஆனால் மருமகளின் அம்மா ஒருத்தர், கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பிருந்தே உன்னோடு தினமும் பேசிக்கொண்டிருப்பார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விளக்கேற்றிக் கண்ணை மூடினால், சாமி முகம் வருவதற்குள் அந்தம்மாவின் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி வந்து நிற்கிறது. இது நல்ல குணமில்லை என்று தெரியும். கற்பூரம் காட்டும்போது வேண்டிக்கொண்டும் பார்த்துவிட்டேன். போகவில்லை.

இந்தப் பொறாமை அந்தம்மாவிடம் ஆரம்பித்ததும் இல்லை. நீ சிதம்பரத்தில் இன்ஜினியரிங் சேர்ந்த இரண்டாயிரத்து நாலாம் வருஷம் நம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததே, அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. பிளக் பாயின்ட் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்ததால் அதை அங்கே வைத்தோம். நானும் சும்மா விடாமல் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். "அம்மா, கீபோர்டு பூரா குங்குமம். எஸ் அடிச்சா வேல செய்யல" என்று நீ கத்தினாய். அந்த வயதில் நீ என்னிடம் அதிகம் பேசியது அநேகமாக அன்றைக்குத்தான். காலேஜிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, சாப்பிட்டதும் அதன் முன்னால் உட்கார்ந்தால் கார் ஓட்டுவாய், கிரிக்கெட் ஆடுவாய். ஜெயித்தால் சிரிக்க மாட்டாய், தோற்றால் முகம் சுளிக்க மாட்டாய். நான் பின்னால் நின்றுகொண்டு, "யாருடா ஜெயிக்கிறது?" என்று கேட்டால் "ம்" என்பாய். ஜெயித்தது யார் என்பதற்கு 'ம்' எப்படிப் பதிலாகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதே நாற்காலியில், அதே கம்ப்யூட்டரின் முன்னால் சுகந்தி உட்கார்ந்தால் வேறு வீடாகிவிடும். அவளுக்கு விளையாட்டே ஆகாது. இன்டர்நெட் வந்த பிறகு அவளுக்கு எல்லாம் பேச்சுதான். திரையைப் பார்த்துத் தானாகச் சிரிப்பாள், தானாக முறைப்பாள். யாரோடுடி பேசுகிறாய் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தால், சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அவளோடு படிக்கிற பெண். "பகலெல்லாம் ஒரே பெஞ்சுல உக்காந்துட்டுத்தானடி வந்தீங்க. இன்னும் என்னா பேச்சு பாக்கி?" என்றேன். "அது வேற பேச்சும்மா, இது வேற பேச்சு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள்மேல் எனக்குப் பொறாமை வந்ததில்லை. ஏனென்றால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து, அங்கே பேசிய எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிடுவாள். எனக்கு வர வேண்டியது வந்துவிடும். நீ அப்படி இல்லை. வீட்டுக் கணக்கை ஒரு நாள் விடாமல் எழுதுகிறவள் நான். வரவையும் செலவையும் நேர் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. உன் விஷயத்தில் நான் கேட்டதெல்லாம் செலவாகவே போனது, வரவு என்று ஒரு வரி எழுதியதில்லை.

கோயில் விளக்குப் பூஜைக்குப் பேச வந்த ஒருவர், இந்தக் காலத்துப் பிள்ளைகளெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே மாதிரி மயங்கிக் கிடக்கிறார்கள் என்றார். மற்ற பெண்களெல்லாம் தலையாட்டினார்கள். எனக்குத் தலை ஆடவில்லை. ஒரே மாதிரியா? ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்த என் பிள்ளைகள் இரண்டும் அதில் இரண்டு திசையில் போகின்றன. ஒன்று பேசப் போகிறது, இன்னொன்று பேசாமலிருக்கப் போகிறது. இதை எழுந்து சொல்லியிருப்பேன். எட்டாவதோடு நின்றவள், உங்களைப் படிக்க வைக்கிற சாக்கில் உங்கள் புத்தகத்தையே பார்த்து இங்கிலீஷ் எழுத்துக் கற்றவள் எழுந்து பேசினால் யார் கேட்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ வேலைக்குச் சென்னை போன பிறகு போன் வந்தது. "சாப்ட்டியாடா?" "ம்." "என்னா சாப்ட்ட?" "சாப்பாடுதாம்மா." "உடம்பு எப்படி இருக்கு?" "ஒன்னுமில்லம்மா, நல்லா இருக்கேன்." பிறகு "அப்பாகிட்ட குடுக்கவா?" என்று நானே கேட்டு முடித்துவிடுவேன். பிள்ளை சுபாவமே அப்படி, யாரிடமும் பேச மாட்டான் என்று நினைத்து என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். யாரிடமும் பேச மாட்டான் என்கிற அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று உனக்குத் தெரியாது.

அந்த ஆறுதலைத்தான் போன வருஷம் சிதம்பரத்தில் டீச்சரம்மா உடைத்தார். வழக்கம்போல ஆனித் திருமஞ்சனம் பார்க்கப் போயிருந்தோம். தரிசனம் முடிந்த மறுநாள், அப்படியே பெண் வீட்டையும் பார்த்துவிடலாம் என்று உன் அப்பா சொன்னார். நீயும் காலையில் சென்னையிலிருந்து நேராக வந்து சேர்ந்தாய். உன் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண், ஜாதகம் பொருந்துகிறது, அப்பா தவறிப் பல வருஷம் ஆகிறது, அம்மா கணக்கு டீச்சராக இருந்து தனியாளாய் வளர்த்தவர் என்பது வரைதான் எனக்குத் தெரியும். பாயில் உட்கார்ந்து இன்னும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்தம்மா உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, தக்காளிய அறுத்துட்டீங்களா? நேத்தே பழுத்துப் போச்சே."

"பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே அறுத்துட்டேன் அத்தை. உங்க மாட்டுக்குத் தீனி வெச்சேனே, பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். நீங்க இல்லன்னா என் மாடு பட்டினிதான்."

அத்தையாம். நாங்கள் இன்னும் தட்டு மாற்றவில்லை. உன் அப்பா என் காதருகே குனிந்து, "சென்னையில எங்கடி தக்காளி போட்டிருக்கான்?" என்றார். நான் எட்டி அந்த வீட்டுப் பின்பக்கம் பார்த்தேன். ஒரு துவைக்கிற கல்லும் செம்பருத்திச் செடியும்தான் இருந்தன. மாடு கட்டின அடையாளமே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு நித்யாதான் சொன்னாள். கம்ப்யூட்டரில் தோட்டம் போடுகிற விளையாட்டாம். ஆளுக்கொரு தோட்டம், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து ஒருவர் பயிருக்கு ஒருவர் தண்ணீர் விடலாமாம், விதையோ தீனியோ கொடுத்து அனுப்பலாமாம். அவள் சென்னைக்குப் போன பிறகு அம்மா வீட்டில் தனியாக இருக்கிறாரே என்று சொல்லிக்கொடுத்தாளாம். அவள் விளையாடுவதில்லையாம். "எனக்கு யார் என்னா எழுதறாங்கன்னு படிக்கத்தான் புடிக்கும்" என்றாள். அம்மாவுக்குப் பக்கத்துத் தோட்டக்காரராக உன்னைச் சேர்த்துவிட்டது அவள்தான்.

குமரா, நான் காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்குள் பிறந்தவள். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லுவேன். என் பிள்ளைக்குத் தக்காளி பழுத்தது, அதை இன்னொருத்தர் என் முன்னால் அவனுக்கு ஞாபகப்படுத்துகிறார். அதுவும் யார், கரும்பலகையில் கணக்குப் போட்டவர். நீ அவரோடு சிரித்துக்கொண்டே பேசியதை நான் பார்த்தேன். உனக்குப் பேச வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அப்பா, "பொண்ணு லட்சணமா இருக்கு, கேசரி நல்லா இருந்துச்சு, நீ ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு வர?" என்றார். "தக்காளியாம்" என்றேன். "என்னா தக்காளி?" "அதான், தக்காளி." "கடலூர் மார்க்கெட்ல வாங்கிக்கலாம்டி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

சுகந்தியிடம் எனக்கும் அந்தத் தோட்டம் வேண்டும் என்றேன். "ம்மா, அது சின்னப் புள்ளைங்க வெளயாட்டு" என்றாள். "டீச்சரம்மா சின்னப் புள்ளையா?" என்றதும் வாயை மூடிக்கொண்டாள். ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் ஆரம்பிப்பேன் என்று காத்திருந்தேன். அன்று காவிரி அம்மனை நினைத்துக் கும்பிட்டு, சித்திரான்னம் படைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். "பேரு என்னா போடட்டும்?" என்றாள் சுகந்தி. நம் வீட்டில் எதைப் புதிதாகத் தொடங்கினாலும் முதல் பெயர் சாமிக்குத்தானே. "அம்பலவாணன்னு போடு" என்றேன். "போட்டோ?" "காலண்டர்ல இருக்குற நடராஜர வெய்யி." போட்டாள். கத்தரி விதைக்கலாம் என்றாள். "இருடி, ராகுகாலம் போவட்டும்" என்றேன். "ம்மா, இது அமெரிக்கா டைம்ல ஓடுதும்மா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "நான் உக்காந்திருக்கிறது கடலூர்லடி" என்றேன். ராகுகாலம் போன பிறகுதான் விதைத்தோம். உன் தோட்டத்துக்குப் பக்கத்தில் இடம் கேட்டு உனக்கு விண்ணப்பம் அனுப்பச் சொன்னேன். நான்தான் என்று சொல்லிவிடாதே, அவனாகவே கண்டுபிடிக்கட்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். நீ பார்த்த உடனே சிரித்துக்கொண்டு போன் செய்வாய் என்று, போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன் வரவில்லை. திரையில் எழுத்து வந்தது. "வணக்கம் சார். பக்கத்துல தோட்டம் போட்டதுக்கு தேங்க்ஸ் சார்."

யார் சார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். நடராஜர் படமும் அம்பலவாணன் என்ற பெயரும் இருந்தால் நீ வேறு என்ன நினைப்பாய். சுகந்தி கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஆனால் மறுநாள் நீ, "சார், இன்னிக்கி ஆபீஸ்ல செம டென்ஷன். உங்க கத்தரிக்கா பாத்தாதான் நிம்மதியா இருக்கு" என்று எழுதினாய். அதற்கடுத்து, உன் ரூமுக்குப் பக்கத்து மெஸ்ஸில் ரசம் வெறும் தண்ணீர் என்றாய். பிறகொரு நாள் முட்டி வலிக்கிறது, வண்டியில் சறுக்கி விழுந்தேன், வீட்டில் சொல்லவில்லை என்றாய். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து, "தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துத் தேயுங்கள்" என்று எழுதினேன். "சரி சார்" என்றாய். என் பிள்ளை விழுந்தது எனக்குத் தெரிந்தது, ஆனால் அம்மாவுக்குத் தெரியாது. அம்பலம் சாருக்குத்தான் தெரியும். அன்று சாயங்காலம் போனில் "உடம்பு எப்படிடா இருக்கு?" என்றேன். "ஒன்னுமில்லம்மா" என்றாய். எனக்கு அந்த சார்மேலேயே பொறாமை வந்தது. சிரிக்காதே. நான்தான் அவர் என்று தெரிந்தும் வந்தது.

தோட்டத்தில் டீச்சரம்மாவும் நடமாடினார். அவர் தோட்டத்தில் ஒரு பூச்செடியும் வாடாது. உனக்கு அவர் உரம் கொடுத்தால், நான் விதை கொடுத்தேன். அவர் காலையில் தண்ணீர் விட்டால், நான் அதற்கு முன்னால் எழுந்து, கோலம் போடுவதற்கு முன்பே விட்டேன். ஒன்றே ஒன்றில்தான் அவர் என்னை முந்தினார். வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நம் வீட்டிலிருந்து உப்பானாலும் மோரானாலும் வெளியே போகாது, லட்சுமி போய்விடுவாள் என்று உனக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஊசி கேட்டு வந்தாலும் நாளைக்கு வா என்றுதான் அனுப்புவேன். கம்ப்யூட்டர் தோட்டமானால் என்ன, என் கையிலிருந்துதானே போகிறது? அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் நான் எதுவும் அனுப்பவில்லை. டீச்சரம்மா அன்றைக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தார். எனக்கு உள்ளுக்குள் எரியும். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான்.

தீபாவளி கழிந்து ஒருநாள் நீ கேட்டாய். "சார், வெள்ளிக்கெழம சாயங்காலம் மட்டும் உங்ககிட்டருந்து ஒன்னும் வர்றதில்ல. அன்னிக்கி ஜாஸ்தி வேலையா?" நான், "வேலையெல்லாம் இல்லை. வீட்டு வழக்கம்" என்று எழுதினேன். பதில் வரவில்லை. அன்று சாயங்காலம் திரும்ப வந்து, "சார், ஒரு விஷயம் கேக்கலாமா?" என்றாய்.

"கேள்."

"எனக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு சார். எங்கம்மாவுக்கு இதுல சந்தோஷமான்னு தெரியல. பொண்ணோட அம்மா பேர எடுத்தாலே மூஞ்சி மாறுது."

"அம்மாவையே கேட்டால் என்ன?"

"கேட்டா ஒன்னுமில்லன்னு சொல்லுவாங்க சார்."

"அம்மா உன்னைக் கேட்டால் நீ என்ன சொல்வாய்?"

"நானும் ஒன்னுமில்லன்னுதான் சார் சொல்லுவேன். அவுங்ககிட்டருந்துதான் வந்திருக்கும்."

நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, முற்றத்தில் போய் அரிசி புடைத்தேன். ஏற்கெனவே புடைத்து வைத்த அரிசிதான்.

மார்கழியில் புயல் வந்தது. அதைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெழுகுவத்தியும் தண்ணீர்க் கேனும் தூக்கிக்கொண்டு, பாதி வழி நடந்தே நீ வந்து நின்றாய். கரண்ட் கம்பமெல்லாம் ரோட்டில் படுத்துக் கிடந்தது. காடாம்புலியூரில் உன் மாமா தோப்புக்குப் போனோம். முந்திரியும் பலாவும் வேரோடு வானத்தைப் பார்த்துக் கிடந்தன. உன் மாமா அழவில்லை. உன்னைப் பார்த்து, "என்னா மாப்ள, உன் கம்ப்யூட்டர் தோட்டத்துல புயல் அடிக்குமா?" என்றார். நீ, "அடிக்காது மாமா. தண்ணி ஊத்தலன்னா வாடும், அவ்ளோதான்" என்றாய். "அப்ப எனக்கும் அங்கயே ஒரு காணி பாரு" என்று சொல்லிவிட்டுக் கோடாலியை எடுத்தார். நீயும் கூடவே கிளை வெட்டினாய். மத்தியானம் டீச்சரம்மா சிதம்பரத்திலிருந்து ஒரு வேனில் அரிசியும் பாயும் ஏற்றிக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு வந்துவிட்டார். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இறங்கினதும் நேராக உன்னிடம் போய், "தம்பி, கை என்னா இப்படி கொப்புளிச்சிருக்கு?" என்றார். காலையிலிருந்து உன் பக்கத்திலேயே நின்றவள் நான். விழுந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அவர் தன் கைக்குட்டையைக் கிழித்து உன் கையில் கட்டியபோது, நான் போய் அவருக்கு டீ போட்டேன். சர்க்கரையை நிறையவே போட்டேன். அதற்குமேல் எனக்கு மரியாதை தெரியவில்லை.

நீ சென்னைக்குத் திரும்பினாய். தை முகூர்த்தத்தை வைகாசிக்குத் தள்ளி வைத்தோம். பொங்கல் கழிந்துதான் நம் தெருவுக்குக் கரண்ட் வந்தது. எல்லா வீட்டிலும் முதலில் மோட்டார் போட்டார்கள். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். இத்தனை நாள் யாரும் தண்ணீர் விடாமல் என் கத்தரி கருகியிருக்கும், அதையும் பார்த்துவிடலாம் என்றுதான் திறந்தேன். தோட்டம் பச்சைப் பசேல் என்று இருந்தது. ஒரு இலை பழுத்திருக்கவில்லை. யார் வந்தார்கள், என்றைக்கு வந்தார்கள் என்று அந்த விளையாட்டே எழுதிக் காட்டும். பார்த்தேன். டீச்சரம்மா தினமும் வந்திருக்கிறார். என்னை யாரென்று தெரியாமலே வந்திருக்கிறார், அக்கம்பக்கத்துத் தோட்டம் வாடுகிறதே என்று. நீயும் சென்னைக்குத் திரும்பின நாளிலிருந்து தினமும் வந்திருக்கிறாய். கணக்குப் பார்த்துப் பழகின கண், ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ விடிகாலையிலேயே வந்து தண்ணீர் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். சாயங்காலம் ஒருமுறைகூட வரவில்லை. கீழே நீ எழுதி வைத்திருந்தாய்:

"சார், வெள்ளிக்கெழம விளக்கு வெச்ச பெறகு மட்டும் தண்ணி விடல. எங்க வீட்லயும் அது வழக்கம் இல்ல."

பூஜை அலமாரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். தீபாவளிக்குப் பிறகு நீ சாரிடம் கேட்டதெல்லாம் யாரைக் கேட்டாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்தில் அம்மாவுக்குச் சந்தோஷமா என்று நீ என்னிடமே கேட்டிருக்கிறாய். நான்தான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டேன். அதற்குப் பிறகும் நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றுவரை "சார், கத்தரி ரெடி" என்று நீ எழுதுகிறாய், "நன்றி தம்பி" என்று நான் எழுதுகிறேன். போனில் பழைய 'ம்' அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. சுகந்தி, "ரெண்டு பேருக்கும் கிறுக்கு" என்கிறாள்.

கல்யாணம் ஆகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது இதுதான். நீ விளையாடுகிறவன். வாயால் வராதது உனக்குத் தண்ணீர் விடுவதில் வருகிறது. சுகந்தி பேசுகிறவள். நித்யா இந்த இரண்டும் இல்லை. அவள் படிக்கிறவள். கம்ப்யூட்டரில் எல்லாருடைய பக்கத்துக்கும் போவாள், எல்லாவற்றையும் பார்ப்பாள், ஒரு எழுத்து எழுத மாட்டாள். அவள் ஒன்றும் எழுதவில்லை என்பதால் ஒன்றும் நினைக்கவில்லை என்று இருந்துவிடாதே. நீ ஊருக்கெல்லாம் என்ன எழுதினாய், அவளுக்கு என்ன எழுதவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். உன் தோட்டத்தை அவள் கேட்காமலே காட்டு. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால், இவளும் ஒன்றுமில்லை என்கிறவள்தான் என்று புரிந்துகொண்டு, பக்கத்தில் போய் உட்கார். இந்த இரண்டு அம்மாக்களும் உன்னை இழுத்துக்கொண்டிருக்கிற அவசரத்தில் அவள் பங்கு குறைந்துவிடக் கூடாது. அவளுக்கும் பொறாமை வரும். பொறாமைக்காரி சொல்கிறேன், கேள்.

டீச்சரம்மாவோடு நீ பேசுவதை நிறுத்து என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த வீட்டில் பெண்ணும் இல்லாமல் போனால், சாயங்காலம் அவருக்கு அந்த மாடு ஒன்றுதான். தீனி வைக்க மறக்காதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீடு மாறினாலும், வண்டியில் விழுந்தாலும், நித்யாவுக்கு நாள் தள்ளிப் போனாலும், எனக்கு முதலில் சொல். அம்மாவிடம் சொல்ல வாய் வராவிட்டால் சாரிடம் சொல். எனக்குச் சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அப்புறம் அவருக்குச் சொல். அந்த ஒரு வாய்த் தண்ணீர் நேரம் எனக்குப் போதும்.

வாசலிலிருந்து பந்தல்காரர் போய்விட்டார். வாழைமரம் உன் அப்பா சொன்ன பக்கமே கட்டியிருக்கிறது. நீ நெருங்கிக்கொண்டிருப்பாய். மறுவீட்டுக்குச் சரி என்று நான் இன்னும் சொல்லவில்லையே, அதற்குப் பதில் எழுதி முடிக்கிறேன். இதை நீயே டீச்சரம்மாவிடம் சொல்லிவிடு. அவர் தன் ஒரே பெண்ணை வெள்ளிக்கிழமை காலையில், விளக்கு வைப்பதற்கு வெகுநேரம் முன்பே நமக்குக் கொடுத்துவிடுகிறார். அவருக்குத் தோஷம் இல்லை. நான்தான் சாயங்காலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. வேனைத் திருப்பி அனுப்ப வேண்டாம், அவரையும் இங்கேயே இருக்கச் சொல். புதுப்பாய் எடுத்து வைத்திருக்கிறேன், கத்தரிக்காய்க் குழம்பு நானே வைக்கிறேன். சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது மணிக்குப் பிடிக்கிறது, அதற்கு முன்னால் எல்லாருமாகக் கிளம்பிச் சிதம்பரம் போங்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நான் உப்பையே வெளியே கொடுக்கிறதில்லை, குமரா. உன்னை எப்படிக் கொடுப்பேன்.

அம்மா